ரொஸ்னானி பார்க்க வந்த ஆமை

ஜுமாத் அண்ணன் பதினாறு வருடங்களாக எங்கள் தீவில் ஆமைக் காவலர். மாதத்தில் மூன்று வாரம் இங்கே, ஒரு வாரம் கடலுக்கு அந்தப் பக்கம் சண்டக்கான் நகரத்தில் வீடு. அவர் மனைவி ரொஸ்னானி அங்கே தையல்காரி. மூன்று பிரசவத்துக்கும் அண்ணன் பக்கத்தில் இல்லை. நான்காவது, செப்டம்பரில். ஆமைகள் மொய்த்துக்கொண்டு கரையேறும் மாதம் என்பதால் லீவு கேட்கவே அண்ணன் கூச்சப்பட்டார். ரொஸ்னானி லீவுப் படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஆறு மாத வயிற்றோடு, பயணிகளோடு பயணியாக முதல் தடவை படகில் வந்து இறங்கினார்.

சாப்பாட்டுக்கூடத்தில் மீன் பரிமாறிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்.

“அவ வந்துட்டாளா தம்பி?”

“யாரு, அக்கா?”

“எங்க வீட்டுக்காரரைப் பதினாறு வருஷமா வச்சிருக்காளே, அவதான்.”

இருட்டியதும் அண்ணன் வாசலில் நின்று குரல் கொடுத்தார். ஆமை முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். எல்லோரும் அதன் பின்பக்கமாக நின்றோம். அண்ணன் மணலில் குப்புறப் படுத்து, குழிக்குள் கைவிட்டு, ஒவ்வொரு முட்டையாக வாளியில் சேர்த்தார். ஆமையின் துடுப்புக்காலில் மாட்டியிருந்த எண் தகட்டைப் பார்க்காமலே சொன்னார்.

“நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கா. போன தடவை தொண்ணூத்தி நாலு முட்டை.”

“நம்ம ரெண்டாவது பொறந்தப்போ எடை எவ்வளவு?” என்றார் ரொஸ்னானி.

அண்ணனின் கை குழிக்குள்ளேயே நின்றது.

“மூணு கிலோ... இருக்கும்.”

“ரெண்டே முக்கால். நான் நர்ஸ் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

“இந்த நேரத்துல பேசக்கூடாது. அவ பயந்துடுவா.”

“ஆமாமா. பயமெல்லாம் அவளுக்குத்தான்.”

காலையில் முட்டைகளைப் புதைக்கும் வேலியருகே அண்ணன் முந்தின நாள் பதிவை எழுதிக்கொண்டிருந்தார். ரொஸ்னானி படிவத்தை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் வைத்தார்.

“இதையும் எழுதுங்க. படகுல நானே கொண்டுபோய் ஆபீசுல குடுத்துடறேன்.”

அண்ணன் மறுக்கவில்லை. ஆமைப் பதிவை எழுதிய அதே வேகத்தில் பெயர், தேதி, காரணம் எல்லாவற்றையும் நிரப்பினார். காரணத்துக்கு நேராக ‘மனைவி முட்டையிடுகிறாள்’ என்று இருந்தது.

அவரே அதைப் பார்த்து முகம் கறுத்து, அந்த வரியை அடித்துத் திருத்தப் போனார். ரொஸ்னானி பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க. அப்படியே இருக்கட்டும். பிரசவம்னு எழுதினா உங்க ஆபீசர் யோசிப்பாரு. முட்டைன்னா உடனே கையெழுத்துப் போட்டுடுவாரு.”