விரால் பார்ப்பும் ஒரு முழம் அரக்கு நூலும்

ஈரப் பட்டின் வாடையும் சேற்று வாடையும் கலந்து வரும்போதெல்லாம் என் உள்ளங்கை தானாக மூடிக்கொள்கிறது. குஞ்சு காத்து நின்ற ஒரு ஜோடி விராலை நான் திருட்டுத்தனமாகப் பிடித்தேன். அந்தப் பழியைச் சுமந்து வேலையை இழந்தவர் வேறொருவர். அவரை விசாரித்தபோது நான் கூப்பிடு தூரத்தில் வாய் திறக்காமல் பட்டு அலசிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அதைச் சமாதானமாகச் சொல்ல வரவில்லை.

அறுபதுகளின் நடுவில் பிள்ளையார்பாளையத்தில் எங்களுடையது சாயவீடு. தறிக்காரர்களின் பட்டு நூலுக்கு அப்பா சாயம் தோய்த்துக் கொடுப்பார். எங்கள் தெருக் கிணற்று நீர் உவர், அதில் அலசினால் பட்டின் பளபளப்புப் போய்விடும் என்பது அவர் கட்சி. ஆகையால் மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், சாயம் ஏறிய நூல் கற்றைகளை, எங்கள் பேச்சில் "சிட்டங்களை", சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஊருக்கு மேற்கே ஒரு சிற்றேரிக்குப் போவோம். ஏரிக்குள் ஒரு சொட்டுச் சாயம் விழக்கூடாது, உபரி நீர் ஓடும் கால்வாயில்தான் அலச வேண்டும் என்பது அந்த ஏரியின் "கம்புகட்டி" முனுசாமி போட்ட கண்டிப்பு. மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பங்கிடுவதும், கரையையும் மீனையும் காப்பதும் அவர் வேலை. கூலி, அறுப்பில் களத்து நெல். அவருக்கு என் அப்பா வயது இருக்கும். சேரிக்காரர் என்பதால் நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். இதில் தவறு இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஓர் ஐப்பசி ஞாயிறு, ஏரிக்குள் கோரை ஓரமாகச் செக்கச்சிவந்த ஏதோ ஒன்று மிதந்தது. யாரோ கள்ளத்தனமாக ஏரியிலேயே அலசித் தவறவிட்ட சிட்டம் என்று நினைத்தேன்; சாயவீட்டுப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? சட்டையோடு இறங்கி இரண்டு கையாலும் அள்ளினேன். சிட்டம் ஆயிரம் துளிகளாகச் சிதறி ஓடி, சற்றுத் தள்ளி மறுபடி ஒன்றுகூடியது. அடியிலிருந்து எதுவோ என் முழங்காலை இடித்தது. கரையில் முனுசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா தம்பி, சிட்டம் கையில மாட்டலியா? அதுக்கு உசுரு இருக்குதுபா. விரால் பார்ப்பு."

"பார்ப்பு" என்றால் மீன் குஞ்சு. விரால் குஞ்சுகள் சில வாரம் வரை சிவப்பாக, ஒரே திரளாக நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வந்து போகும். பெற்ற மீன்கள் அடியில் காவல் சுற்றும். பார்ப்பு தெரிந்த இடத்தில் முனுசாமி ஒரு கழியை நட்டு, அதன் தலையில் வைக்கோல் பிரி சுற்றிவைப்பார். அதற்குக் "குறி" என்று பெயர். குறி நிற்கும்வரை அந்தப் பக்கம் வலையோ தூண்டிலோ விழாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

நான் மீனைச் சிட்டம் என்று அள்ளப்போன கதையை அப்பா தெருவில் சொல்லிவிட்டார். எனக்குச் "சிட்டம்" என்றே பெயராகிவிட்டது. "டேய் சிட்டம், உங்கப்பா மீனுக்கும் சாயம் போடறாராமே?" என்று கோலி விளையாட்டுக்கு நடுவில் கேட்பார்கள். சில நாள் பொறுத்தேன். ஒரு பெரிய விராலைக் கொண்டுவந்து தெருவில் போட்டால் எல்லோர் வாயும் அடையும் என்று முடிவுகட்டினேன். இடம் தேட வேண்டியிருக்கவில்லை. முனுசாமி நட்ட குறியே எனக்கு இடம் காட்டியது.

வீட்டில் கிடந்த அரக்கு நிறப் பட்டு நூலை முறுக்கித் தூண்டில் கயிறாக்கினேன். பள்ளிக்கு என்று கிளம்பி, முனுசாமி சாப்பிடப் போகும் உச்சிப்பொழுதில், முள்ளில் தவளையைக் கோத்துச் சிவப்புத் திரளின் நடுவே இழுத்தேன். விரால் உடனே கவ்வியது. பசியில் கவ்வவில்லை, குஞ்சுகளுக்கு நடுவே வந்ததை விரட்டக் கவ்வியது. மறுநாள் இன்னொன்றும் அப்படியே வந்தது. அதைக் கரையேற்றுவதற்குள் கயிறு குறிக்கழியில் சுற்றிக்கொள்ள, அறுத்துக்கொண்டு வந்தேன். ஒரு முழம் அங்கேயே நின்றுவிட்டது. தெருவில் அன்றோடு சிட்டம் என்ற பெயர் போயிற்று.

அடுத்த ஞாயிறு குறி நின்றது, சிவப்பு இல்லை. காவல் இல்லாத குஞ்சுகளைக் கெளுத்தியும் தண்ணீர்ப் பாம்பும் மீன்கொத்தியும் தின்று தீர்த்திருந்தன. கரையில் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எதிரே முனுசாமி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியபடி நின்றார்.

"குறி வெச்சவன் நீ. உனுக்குத் தெரியாம எவன்டா வந்து எடுப்பான்?" என்றார் நாட்டாண்மை.

"நான் எடுக்கலீங்க."

"அப்ப பார்ப்பு பறந்துபோச்சா?"

முனுசாமியையே கழியைப் பிடுங்கி வரச் சொன்னார்கள். நீரில் இறங்கியவர் அதில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். மெல்ல அவிழ்த்தார். கால்வாயில் நாங்கள் அலசிக்கொண்டிருந்த அரக்குச் சிட்டங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கழியை மட்டும் அவர்களிடம் கொடுத்தார்.

அன்றே கம்புகட்டி வேலை அவரைவிட்டுப் போயிற்று. குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டதாக அப்பா சொன்னார். நல்ல மனிதன், இப்படிச் செய்வான் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார். அதற்கும் நான் தலையாட்டினேன்.

பிறகு விலங்கியல் படித்தேன். மீன்வளத் துறையில் வேலை கிடைத்தது. விராலில் குஞ்சு காப்பதில் ஆண் மீனுக்குப் பெரும் பங்கு உண்டு என்று பாடத்தில் வந்த நாளில் புத்தகத்தை மூடிவைத்தேன். பிள்ளைகளைக் காத்து நின்ற ஓர் ஆண் என்றதும் எனக்கு மீன் நினைவுக்கு வரவில்லை.

எழுபதுகளின் இறுதியில், முனுசாமி ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

"தெரியும் சார். நூலு உங்க வூட்டு அரக்கு."

அன்றைக்கே அதை ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டினா மட்டும்? நானே சுத்தி வெச்சேன்னு சொல்வாங்க." பிறகு அவரே சொன்னார்: "இப்ப என்கிட்ட வந்து சொல்றீங்க. எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க கிட்ட போய்ச் சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு அதே கரையில் ஊரைக் கூட்டச் செய்தேன். அதிகாரி என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். முனுசாமி நின்றார், நானும் நின்றே முழுவதையும் சொன்னேன். ரெண்டு மீனுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க என்று ஒருவர் சிரித்தார். மீனுக்காக வரவில்லை என்றேன். பழைய நாட்டாண்மை இறந்துபோயிருந்தார். அவர் மகன் எழுந்து, "அப்ப முனுசாமி எடுக்கலை. எங்கப்பா தப்பா சொல்லிட்டாரு" என்றார்.

வேலை திரும்பவில்லை, அது வேறு வீட்டுக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முனுசாமியும் கேட்கவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கரைமேல் நடந்துபோனார். அந்த வாரமே எங்கள் வீட்டுப் பட்டுக்கு அந்தக் கால்வாய் மறுக்கப்பட்டது. அப்பா பல மாதம் என்னோடு பேசவில்லை. வேறு ஏரிகளிலிருந்து விரால் ஜோடிகளைக் கொண்டுவந்து அங்கே விட்டேன். அந்தக் கோடையில் ஏரி வற்றி அவையும் போயின. மறுபடி விட்டேன்.

இன்று முனுசாமி இல்லை. அந்த ஏரிக்குக் கம்புகட்டியும் இல்லை, குறி நடுவாரும் இல்லை. வலையில் வருவதெல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து பெருகிய ஜிலேபி மீன். ஓய்வுபெற்ற பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் போய்த் தேடுகிறேன். பல வருடம் வெறும் நீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சென்ற ஐப்பசியில் கோரை ஓரமாகச் சிவப்புத் தெரிந்தது. கொண்டுபோயிருந்த கழியில் வைக்கோல் பிரியைச் சுற்றி நடப் போனவன், நின்றுவிட்டேன். குறியைப் பார்த்துத் திருடியவன் நான். கழியைக் கரையில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிவப்பு மங்கிக் குஞ்சுகள் பிரிந்து போகும்வரை தினமும் காலைப் பேருந்தில் போய் மாலைப் பேருந்தில் திரும்பினேன்.

ஒருநாள் தூண்டிலோடு வந்த இரண்டு இளைஞர்கள், "இன்னா பெரியவரே, டெய்லி இங்கியே குந்திக்கினு இருக்கீங்க?" என்றார்கள்.

முனுசாமி ஐயா வேலையைப் பார்க்கிறேன் என்றேன்.