யாரும் சரிபார்க்காத குரல்

பேருந்துக் கம்பியில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு, மறு கையில் விரித்த புத்தகத்தோடு நிற்கிறார் மூச்சக்கா. இரண்டு காதிலும் இயர்போன். பல்லுக்கு நடுவே ஒரு பென்சில். காதில் யாரோ வாசிக்கும் வரி, கையிலிருக்கும் வரியிலிருந்து ஒரு சொல் பிசகினால் பென்சில் வாயிலிருந்து இறங்கும். ஓரத்தில் ஒரு கோடு விழும். மறுபடி வாய்க்கே போய்விடும். இடம் காலியானால் பக்கத்தில் நிற்பவர்கள் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டும். சொன்னாலும் பத்தி முடிந்த பிறகுதான் உட்காருவார். அதற்குள் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து, பதிவு செய்து, இணையத்தில் ஏற்றி வைக்கும் ஒரு குழுவில் அவர் சரிபார்ப்பாளர். முகம் பார்த்துக்கொள்ளாத மனிதர்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. வாசிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பதிவை வரிக்கு வரி கேட்டு, எங்கே சொல் மாறியது, எங்கே நாற்காலி கிறீச்சிட்டது, எங்கே பக்கத்து வீட்டு நாய் குரைத்தது என்று எழுதித் திருப்பி அனுப்புவது சரிபார்ப்பாளர் வேலை. அவருடைய குறிப்புகளில் அடிக்கடி வருவது, "மூச்சு கேட்கிறது." ஒரு வாசிப்பாளர் பொறுமையிழந்து, "அக்கா, செத்தவன்தான் மூச்சு விடாம படிப்பான்" என்று குழுவில் எழுதினார். "விடுங்க தம்பி, வேண்டாம்னா சொன்னேன்? மைக்குலேருந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டு விடுங்க" என்று பதில் போனது. அன்றிலிருந்து அவர் மூச்சக்கா. சொந்தப் பெயர் அவர் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்து அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது.

அந்தக் கூடத்தில் அவருக்கு ரத்தம் எடுக்கும் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊசியைச் செருகிவிடுவார். "வலிக்குமா?" என்று கேட்டால், "வலிக்கும். ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு இல்ல" என்பார். அங்கே வேலை முடிந்தால் முடிந்தது. கூடத்தைப் பூட்டிவிடுவார்கள்; இருக்க ஆசைப்பட்டாலும் விட மாட்டார்கள்.

இன்னொரு வேலைக்குப் பூட்டு கிடையாது. கூலி என்பது கொடுக்கப்படும் பணம் மட்டுமல்ல, போடப்படும் வேலியும்தான் என்று தோன்றுகிறது. இதற்கு மேல் உன்னைக் கேட்க எனக்கு உரிமையில்லை என்று அது இரண்டு பக்கமும் சொல்கிறது. விரும்பிச் செய்யும் வேலைக்கு அந்த வேலி இல்லாததால், எங்கே நிறுத்துவது என்பதையும் செய்கிறவரேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மூச்சக்காவுக்கு நிறுத்துவதில் பயிற்சி இல்லை.

சரிபார்ப்புக்குக் காத்திருக்கும் வரிசை நீள்கிறது என்று பதிவுகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கப் பழகினார். அதனால் வந்த வினை, சாதாரண மனிதர்கள் பேசுவது அவருக்கு இழுவையாகிவிட்டது. கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். எதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர்.

"இன்னிக்கு ஒரு அம்மா, பாத்துக்கோ, கிளட்ச்ச..."

"சீக்கிரம் சொல்லுங்க."

"என்னையும் ஓட்டிவிட்டுக் கேக்குறியா? என் தலையில பட்டன் எங்க இருக்கு, காட்டு."

மூச்சக்கா சிரிப்பார். பிறகு கணவர் சொல்லவந்ததைச் சொல்லாமலே எழுந்து போயிருப்பது தெரியும்.

கூட வேலை பார்க்கும் பெண்ணின் தாயார் இறந்தபோது அவரும் துக்கம் விசாரிக்கப் போனார். அந்தப் பெண் இவர் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகைக்குப் பின்னால் மின்விசிறி கடகடவென்று ஆடுவதுதான் மூச்சக்காவின் காதில் முதலில் விழுந்தது. 'பின்னணியில் விசிறிச் சத்தம்' என்று மனம் குறிப்பும் எழுதிவிட்டது. வீட்டுக்கு வந்து, "எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க" என்று கணவரிடம் சொன்னார். "விட்டுத் தொலையேன்" என்றார் அவர்.

விடப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் சரிபார்ப்பாளர்கள் பலர் இருந்தார்கள். ஒருவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஒருவர் வேலை மாறினார். ஒருவர் எதுவும் சொல்லாமல் காணாமல் போனார். மிஞ்சியவர் மூச்சக்கா ஒருவர்தான். வாசிக்க மட்டும் புதிதுபுதிதாக ஆட்கள் வந்தார்கள். அதில் வியப்பில்லை. வாசிப்பவருக்குத் தன் குரல் கிடைக்கிறது. "கண்ணு கலங்கிடுச்சு சார்" என்று யாராவது எழுதுகிறார்கள். சரிபார்ப்பவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அவர் இருந்ததற்கான தடயமே இருக்காது. குழுவை நடத்தும் இளைஞருக்கு மூச்சக்கா ஒருமுறை போன் செய்து, "தம்பி, கொஞ்ச நாள் ஒதுங்கிக்கலாம்னு பாக்குறேன்" என்றார்.

"ஐயோ அக்கா, நீங்க இல்லன்னா இது நின்னுடும்க்கா."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் அவர் எடுத்துக்கொண்டார். போனை வைத்த பிறகுதான் அது கதவைச் சாத்திய சத்தம் என்று புரிந்தது.

உண்மையில் அவர் வந்தது வாசிப்பதற்குத்தான். சேர்ந்த புதிதில் இரண்டு புத்தகங்கள் வாசித்தார். வீட்டில் எல்லோரும் வெளியே போன பிறகு, துணி அலமாரியைத் திறந்து அதற்குள் தலையை நீட்டிக்கொண்டு வாசிப்பாராம். துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். "அந்த நாப்தலின் வாசனை வந்தாலே இப்பவும் எனக்குப் படிக்கணும்போல இருக்கும்" என்கிறார். பிறகு, "கொஞ்ச நாளைக்கு நீங்க சரிபாருங்கக்கா, ஆள் வந்ததும் மாத்திடலாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

குழுவில் ஒரு விதி உண்டு. வாசித்தவர் தன் வாசிப்பைத் தானே சரிபார்க்கக் கூடாது. விதி வருவதற்கு முன் ஒரு பள்ளி ஆசிரியர் தான் வாசித்த துப்பறியும் கதையைத் தானே கேட்டு, பிழையில்லை என்று ஏற்றிவிட்டார். நடுவில் ஒரு பக்கம் முழுதாக விட்டுப்போயிருந்தது. கொலை செய்தது யார் என்பது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. கேட்டவர்களெல்லாம் எழுதியவரைத் திட்டித் தீர்த்தார்கள். விதியைக் கேட்டு வாங்கியவர் மூச்சக்காதான். "நம்ம தப்பு நம்ம காதுக்குக் கேக்காது. விட்டத மனசு நிரப்பிக்கும்" என்றார்.

இந்த நிலையில்தான் ஒரு நாவலின் பதிவு பாதியில் நின்றது. கதையில், வேலை தேடிப் போன ஊரிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்ட ஒருவர், மகள் கூப்பிட்டதும் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வருகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர், கனத்த குரல்காரர், மருந்துக் கம்பெனியில் விற்பனையாளர், "வேலை ஜாஸ்தி, மன்னிக்கவும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டார். மற்றவர்கள் கோபப்பட்டார்கள். மூச்சக்காவுக்குக் கோபம் வரவில்லை. "ஒரே வரி. அவ்வளவுதான் வேண்டியிருக்கு" என்று அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

மீதியைத் தொடர யாரும் முன்வரவில்லை. ஒருவர் மட்டும், "பாதியிலேருந்து படிச்சா என் பேரு முன்னாடி வருமா, பின்னாடி வருமா?" என்று விசாரித்தார். இதற்கிடையே ஓர் ஆலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் பார்வையற்ற நேயர் ஒருவர் குரல் செய்தி அனுப்பத் தொடங்கினார்.

"அக்கா, வணக்கம்க்கா. நம்ம ஆளு இன்னும் பிளாட்பாரத்துலதான் நிக்கிறாரு. மழை வேற. ஏத்தி விடுங்கக்கா."

அடுத்த வாரம், "குடையாவது குடுங்கக்கா, பாவம்."

அதற்கடுத்து, "சரி, படிக்க ஆளில்லன்னா கதைய வாயாலயே சொல்லிடுங்க. ஏறுனாரா, திரும்பிட்டாரா? எனக்கு வேலையே ஓடல."

"வாயால சொன்னா அது என் கதை ஆயிடும் தம்பி. அவங்க எழுதினது ஆகாது" என்றார் மூச்சக்கா. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பையிலேயே சுமந்துகொண்டு திரிந்தார். மதிய இடைவேளையில் ரத்தம் பிடித்த குப்பிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டே, அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் மீதியைத் தானே வாசித்துவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் அலமாரிக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்க இப்போது இடுப்பு ஒத்துழைப்பதில்லை. "கார் இருக்கே" என்றார் கணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக் கார் வீட்டு வாசலில்தான் நிற்கும். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு மூச்சக்கா உள்ளே உட்கார்ந்தார். அந்தக் காரில் பயிற்றுநர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு; அவர் உட்கார்ந்தது அந்த இருக்கையில். வாசிப்பில் தடுமாறியபோதெல்லாம் கால் தானாக அதை மிதித்தது. கணவர் வெளியே பானெட்டில் சாய்ந்துகொண்டு காவல் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை உதைக்கப் போனபோது, "சார், தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணுங்க. உள்ள நாவல் ஓடுது" என்றார்.

சில ஞாயிறுகளில் புத்தகம் முடிந்தது. கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டு வெளியே வந்தபோது மூச்சக்காவின் முகம் வேர்த்துக் கொட்டியிருந்தது. கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

பதிவுகளை அனுப்பினார். அவை போய்ச் சரிபார்ப்புக்குக் காத்திருப்பவற்றின் கடைசியில் நின்றன. அதற்கு முன்னால் நின்றவை எல்லாம் அவர் கேட்க வேண்டியவை. இவற்றைக் கேட்க யாருமில்லை. இது அவருக்குத் தெரியாததல்ல, தெரிந்தேதான் வாசித்தார்.

குழுவை நடத்தும் இளைஞருக்குப் போன் போட்டார்.

"நீங்களே பாத்து ஏத்திடுங்கக்கா. உங்க வாசிப்புல என்ன தப்பு இருக்கப்போகுது?"

"அந்த வாத்தியாரும் அப்படித்தான் தம்பி நினைச்சாரு."

"அப்ப என்னக்கா பண்றது?"

"யாராவது கேக்கணும்."

"யாருக்கா இருக்காங்க?"

இளைஞர் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. "போய்க் குழந்தையத் தூக்குங்க" என்று சொல்லி மூச்சக்கா போனை வைத்துவிட்டார்.

நன்றி வேண்டும் என்று அவர் ஏங்குவதாகச் சொன்னால் தவறு. விதியை மீறிவிட்டால் ஆபரேட்டர் அன்றைக்கே கேட்டுவிட்டு உருகி உருகிப் பேசுவார். அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் ஆபரேட்டர் கேட்கப்போவது கதையை. ஒருவர் சொல்வதை, ஒரு சொல்லும் தப்பவிடாமல், தன் அவசரத்தைக் கலக்காமல், தவறினால் தவறியது என்று சொல்லும் அளவுக்குக் கேட்பது வேறு. முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அவர் கொடுத்துவந்தது அதைத்தான். நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட அது கிடைப்பதில்லை. கிடைக்கவில்லை என்பதும் தெரிவதில்லை. அவருக்குத் தெரிந்துபோயிற்று. அதுதான் சங்கடம்.

ஒரு நாள் சாயங்காலம் மூச்சக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து வந்த கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே கேட்டார்.

"அந்த ஆளு ஏறினானா, இல்லையா?"

"எந்த ஆளு?"

"உன் பிளாட்பாரத்து ஆளுதான். கண்ணாடிய ஏத்திக்கிட்டு உள்ள அழுதுக்கிட்டே படிச்ச. வெளிய நின்ன எனக்கு வாய் அசையறதுதான் தெரிஞ்சுது. சினிமாக் கொட்டாய்ல சத்தம் போன மாதிரி."

"கேக்குறீங்களா?"

"ஓட்டிவிடாம, மெதுவா ஓடினா கேக்குறேன்."

மூச்சக்கா துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். போனையும் இயர்போனையும் புத்தகத்தோடு கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தார். "இதப் பாத்துக்கிட்டே கேக்கணும். ஒரு வார்த்தை மாறினாலும் கோடு போடணும்."

"ஐயையோ, பரீட்சையா?"

"பரீட்சை எனக்குத்தான். நீங்க வாத்தியார்."

"வாத்தியார்னா ஃபெயில் போடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"போடுங்க."

கணவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பேனா மூடியைக் கழற்றினார். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூச்சக்கா துணிகளை மடித்து முடித்தார். மடித்ததை ஒருமுறை பிரித்து மறுபடி மடித்தார். அடுப்படிக்குப் போய் ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தார். பக்கங்கள் புரண்டுகொண்டிருந்தன. பேனா இறங்கவில்லை.

பிறகு இறங்கியது. கணவர் ஒலியை நிறுத்தினார். பின்னுக்குத் தள்ளி அதே இடத்தை மறுபடி கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். உதடு அசைய, வரியைத் தானே படித்துப் பார்த்தார். அப்புறம் அந்த வரியின் கீழே, அளவுகோல் வைத்ததுபோல நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே போனார்.

வாசற்படியில் நின்றிருந்த மூச்சக்காவால் பொறுக்க முடியவில்லை. கிட்டே வந்தார். "என்னங்க, எந்த இடம்? என்ன விட்டுட்டேன்? சொல்லு..."

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கணவர் ஒரு கையைத் தூக்கி, பேசாமல் இருக்கும்படி சைகை காட்டினார்.