அமெரிக்க நீதவானுக்கு வைச்ச நேர்த்தி

அண்ணை, என்ரை அண்ணை, உங்களை நினைச்சு அழத்தான் குந்தினனான். சிரிப்பெல்லோ வருகுது.

தொண்ணூறுகளின்ரை தொடக்கம். கனடாவில, வெக்ஸ்போர்ட்டில ஒரு பேஸ்மென்ற்றில நாங்கள் ரெண்டு பேரும், பக்கத்து அறையில மட்டக்களப்பு அங்கிளும் அன்ரியும். ரீவியில எல்லைக்கு அங்கால அமெரிக்காப் பஃபலோ சானல்தான் வடிவாய்த் தெரியும். அதில நாள் முழுக்க ஒரு மனுசனை இருத்தி வைச்சுக் கேள்வி கேட்டாங்கள். அமெரிக்காவின்ரை பெரிய கோட்டுக்கு நீதவானாய் வரப்போறாராம். எனக்கு இங்கிலிஸ் மட்டுமட்டு. அங்கிள்தான் விளங்கப்படுத்தினவர்: ஒரு கட்சி ஆளை ஏத்த நிக்குது, மற்றது விழுத்த நிக்குது, கடைசியில வோட்டு.

உங்களுக்கு அடுத்த மாசம் அகதிக் கேஸ் விசாரணை. அந்த மேசையையும் மைக்கையும் பாத்திட்டு, "எனக்கும் உப்பிடித்தான்" எண்டு முடிவெடுத்திட்டியள். அவர் வெண்டால் நீங்களும் வெண்டமாதிரியாம். பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தியள். அங்கிளுக்கு அந்த நீதவானைக் கண்ணில காட்டேலாது. ஆள் தோக்கவேணும் எண்டு அவரும் அதே பிள்ளையாருக்கு நேர்ந்தார். பிள்ளையார் பாவம், ரெண்டு பக்கத்தாலயும் கரைச்சல் எண்டு அன்ரி படத்தைத் தூக்கித் தன்ரை அறைக்குள்ள வைச்சிட்டா. மூண்டு நாள் நீங்களும் அங்கிளும் கதைக்கேல்லை. உப்புப் போத்தலுக்கும் நான்தான் தூது.

கொஞ்ச வோட்டால நீதவான் வெண்டிட்டார். நீங்கள் படியில தேங்காய் அடிச்ச சத்தத்துக்கு, குழாய் வெடிச்சிட்டுது எண்டு மேல்வீட்டுக்காரன் ஓடிவந்தான். தோத்த அங்கிளும் தேங்காய்ச் சொட்டுக் கேட்டு வாங்கிச் சப்பினார்.

சிரிச்சுக்கொண்டிருந்த நீங்கள் திடீரெண்டு சொன்னியள்: "உவங்கள் கேள்வி கேக்க முதலே முடிவெடுத்திட்டாங்களடி. எனக்கும் அப்பிடியெண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

அங்கிள் எழும்பிப்போய்த் தன்ரை கலியாணத்துக்குக் கட்டின ரையைக் கொண்டுவந்து உங்கடை கழுத்தில அளவு பாத்தார்.

உங்கடை விசாரணையண்டு அங்கிள் வேலைக்குப் போகேல்லை. என்னோட வெளியில போட்டிருந்த வாங்கில இருந்து நகம் கடிச்சார். ரெண்டு மணித்தியாலத்தால கதவு திறந்துது. உங்கடை முகமெல்லாம் பல்லு.

"நான் சொன்னதைக் கடைசிமட்டும் கேட்டவையடி. விசாரிச்ச மனுசி பேனையைக் கீழ வைச்சிட்டுக் கேட்டவ."

பஸ்ஸில இடம் இருந்தும் நாங்கள் இருக்கேல்லை. நிண்டபடியே பம்பலும் சிரிப்பும்.

உங்களை அகதியாய் ஏத்துக்கொண்ட கடிதம் வந்தண்டு பாத்ரூம் செருப்போட ஸ்னோவில ஆடினியள். அங்கிளும் சாரத்தோட ஆடினார். அதுக்குப் பிறகு பத்தொன்பது நாள்தான் அண்ணை. றோட்டில ஐஸ். நீங்கள் போன கார் வழுக்கி, அதோட நீங்கள் இல்லை.

இதை வாசிக்கிற ஆக்கள், எந்தச் சாமியெண்டாலும் பரவாயில்லை, என்ரை அண்ணைக்காக ஒருக்கால் கும்பிடுங்கோ.