என் தேங்காய்க் குவியலும் பத்து விசில்களும்

எட்டு வருடங்களுக்கு முன்னர், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் லா சப்பலில், என் கடை வாசலிலேயே நடந்தது. காலை பதினொரு மணி இருக்கும். அன்று எங்கள் கோயில் தேர்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினேன். இன்று என் மரக்கறிக் கடையைத் தெரியாத தமிழர் லா சப்பலில் இல்லை. புறநகர்களான செவ்ரானிலிருந்தும் சார்செல்லிலிருந்தும் ரயிலேறி வந்து என்னிடம்தான் முருங்கைக்காய் வாங்குவார்கள். யார் தோளையும் பிடிக்காமல் தனியாளாக மேலே வந்தவன். குரலும் அதற்கேற்ற குரல். கடைக்குள் நின்று கூப்பிட்டால் ரூ பெர்தொனே தெரு முனையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். இந்தக் குரலைப் பற்றி எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

பக்கத்தில் மன்னார்க்காரத் தம்பி ஒருவரின் தேநீர்க்கடை. எங்கள் வரிசையில் வாசற்படி இல்லாத கடை அது ஒன்றுதான். அதனால் சக்கர நாற்காலிக்காரர் மூன்று பேர் சனிக்கிழமை தோறும் அங்கே கூடுவார்கள். கரீபியக் கடலில் பிரான்சின் தீவுகள் இருக்கின்றன அல்லவா, அங்கிருந்து வந்து பாரிஸில் குடியேறியவர்கள். உடற்குறை உள்ளவர்களின் உரிமைக்குச் சங்கம் தொடங்கியிருக்கிறார்களாம். மூன்று பேரில் ஒரு சங்கமா என்று நான் சிரித்தேன்.

அதன் தலைவி ஐம்பது வயது தாண்டிய பெண்மணி, தபால் கந்தோரில் வேலை. முதல்நாள் என் வாசலில் நாற்காலியை நிறுத்தி, கொலோம்போ இருக்கிறதா என்று கேட்டார்.

"மதாம், அது எங்கட தலைநகரம் கொழும்பெல்லோ. பிளேன் ஏறித்தான் போகவேணும்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்களுடைய தீவில் கறித்தூளுக்கே அதுதான் பெயராம். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன நம் ஆட்களிடமிருந்து வந்த தூளாம். அவர் சொன்ன பக்குவத்தில் அரைத்து வைத்தேன். என் கடைக்கும் படி இருந்தது. ஆகவே பொதியை வெளியே கொண்டுவந்து கொடுப்பேன். அதையே பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்தில் மூன்று பேர் பத்துப் பேரானார்கள். பார்வையில்லாத ஒரு பெரியவர், ஊன்றுகோலில் நடப்பவர்கள், புதிதாக இன்னும் சில சக்கர நாற்காலிகள். தேநீர்க்கடை கொள்ளாமல் என் வாசல்வரை வந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சிவப்பு விசில். அவர்களில் ஒருவர் பழுதான லிஃப்டுக்குள் பகல் முழுக்க அகப்பட்டுக் கத்தியும் ஒருவருக்கும் கேட்கவில்லையாம். அதற்குப் பிறகு வந்த சட்டம்: ஒருவர் ஊதினால், கேட்கிற எல்லோரும் ஊத வேண்டும். "என்ன மதாம், ட்ராபிக் பொலிசுக்கு ஆள் எடுக்கிறியளோ?" என்று பகிடி விட்டேன்.

என் கடைக்கு முன்னால் நடைபாதை வீதிக்குச் சரிந்து இறங்கும். சந்தியை விட்டால், சக்கர நாற்காலி ஏறக்கூடிய சரிவு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். நான் அதில்தான் வாழைப்பழப் பெட்டிகளை அடுக்குவேன். தேருக்கு முதல்நாள், சனிக்கிழமை, சங்கத் தலைவி அம்மா வந்து, நாளைக்கு அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விடும்படி கேட்டார். அவர் பிரெஞ்சில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ஒரு நாள்தானே மதாம். கடவுளுக்கு" என்றேன்.

"கடவுளுக்கு ஒரு நாள், முசியே. மிச்ச நாளெல்லாம் உங்கட வாழைப்பழத்துக்கு. எங்கட நாள் எது?"

நான் உள்ளே போய்த் தேங்காய் மூட்டைகளை எண்ணத் தொடங்கினேன். எனக்கு வேறு கவலை. தேருக்கு முன்னால் உடைப்பதற்கு ஒவ்வொரு கடைக்காரரும் வாசலில் தேங்காய் குவிப்போம். போன வருடம் நகைக்கடைக்காரர் ஒருவருடைய குவியல் என்னுடையதைவிட ஒரு முழம் உயரம். இந்த வருடம் விடுவேனா? விடியவே எழும்பி, சரிவுக்குக் குறுக்கே பலகை வைத்து, அதற்குமேல் என் நெஞ்சு உயரத்துக்குக் குவித்தேன்.

"அண்ணை, சரிவிலை குவிச்சால் உருளுமெல்லோ?" என்றார் தேநீர்க்கடைத் தம்பி.

"நீ உன்ரை தேத்தண்ணியைப் பாரடாப்பா. எனக்குப் படிப்பிக்க வந்திட்டாய்."

தேர் வந்தது. தவில், நாதஸ்வரம், அரோகரா. தெருவின் மேற்பக்கத்துக் கடைகளில் உடைத்த தேங்காய்களின் தண்ணீரும் சிரட்டைத் துண்டுகளும் வீதியெல்லாம் பரவின. சங்கத்துக்காரர்களும் பார்க்க வந்து வீதியில் நின்றார்கள். தேர் நெருங்கியதும் தொண்டர்கள் எல்லோரையும் நடைபாதைக்கு ஏறச் சொன்னார்கள். முன்னால் நின்றவர்கள் சந்திப்பக்கம் போய் ஏறிவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் பிந்திவிட்டார். பார்வையில்லாத பெரியவர் அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனத்திடம் சொல்லிப் பெரியவரை மேலே ஏற்றிவிட்ட பிறகு, அந்த அம்மா தான் ஏறுவதற்குச் சரிவைத் தேடித் திரும்பினார்.

சரிவில் என் குவியல்.

அந்த நேரம் பார்த்துப் பலகை வழுக்கியது. தேங்காய் அவ்வளவும் கடகடவென்று வீதிக்கு உருண்டு அவருடைய நாற்காலியைச் சுற்றிக்கொண்டது. முன்சக்கரத்துக்குள் ஒரு சிரட்டைத் துண்டு போய் இறுகியது. மோட்டார் முனகியது, நாற்காலி அசையவில்லை. வடம் பிடித்தவர்களின் முன்வரிசை இரண்டு பக்கமும் பிரிந்து அவரைத் தாண்டிப் போனது. நடுவில் தேர் வந்துகொண்டே இருந்தது. வடம் இழுப்பவர்களுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. தேரடியில் முட்டுக்கட்டையோடு நடப்பவர்களுக்கு முன்னால் இருப்பது தெரியாது.

நான் கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" பக்கத்தில் நின்றவர் நான் அரோகரா சொல்வதாக நினைத்துத் தானும் கையெடுத்துக் கும்பிட்டார். பாய்ந்துபோய் நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். அது சரிந்து, அந்த அம்மா விழப் பார்த்தார். தேரின் சில்லு என் இடுப்பளவு. அதில் பூசியிருந்த சந்தனம் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது.

அவர் என் கையைத் தட்டிவிட்டார். "என்னை இழுக்காதே! தேங்காயை எடு!"

சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்து ஊதினார். அந்த ஒன்று தவிலுக்குள் கரைந்து போனது. அடுத்த கணம் வலப்பக்க நடைபாதையில் ஒன்று. சந்தியில் ஒன்று. தேநீர்க்கடை வாசலில் இரண்டு. பார்வையில்லாத பெரியவர் என்ன நடக்கிறதென்று தெரியாமலே, அவர்களுடைய சட்டப்படி, மூச்சுப் பிடித்து ஊதிக்கொண்டு நின்றார். பத்து விசிலும் நாலு பக்கத்திலிருந்தும் காதைக் கிழித்தன. தவில்காரர் கை நின்றது. வடம் தளர்ந்தது. "கட்டை! கட்டையைப் போடு!" என்று யாரோ அலறினார்கள்.

நான் பட்டு வேட்டியோடு தேங்காய்த் தண்ணீரில் முழங்கால் குத்தி, சக்கரத்துக்குள் விரலை விட்டு அந்தச் சிரட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். முட்டுக்கட்டையில் சில்லு ஏறி நெரிபடும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது தேரின் நிழல் எங்கள் இருவர் மேலும் கிடந்தது. சிரட்டை கையில் இருந்தது; விரலில் இரத்தம். அந்த அம்மா என் தோளில் கையை ஊன்றி நிமிர்ந்து, தானே நாற்காலியைச் செலுத்திக்கொண்டு போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இன்னும் மோசம். பொலிஸ் வரும், நகரசபைக் கடிதம் வரும், கடையைப் பூட்டச் சொல்வார்கள் என்று தபால்காரரைக் கண்டாலே கடைக்குள் ஒளிந்துகொள்வேன். முறைப்பாடு செய்தால் அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தெரியும். தேருக்கு அடுத்த சனிக்கிழமை பத்துப் பேரும் என் வாசலுக்கு வந்தார்கள். சரிவில் ஒரு பெட்டியும் இல்லாததை அந்த அம்மா பார்த்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். எனக்குப் பிரெஞ்சு வாசிப்பு மட்டு.

"என்ன மதாம், பொலிசுக்கோ?"

"சங்கத்தில் சேருகிற படிவம், முசியே. பெயரை எழுதும். தூளும் ஒரு பொதி தாரும்."

அந்தத் தீவுகளில் வேர் இல்லாத முதல் அங்கத்தவன் நான்தான். அடுத்த வருடம் கோயில் தொண்டர்களும் அவர்களுமாகத் தேர் போகும் வழி முழுக்கச் சுற்றி, சரிவு உள்ள இடமெல்லாம் சோக்குக்கட்டியால் வட்டம் போட்டார்கள். சார்செல்லில் இருந்து ஒரு தாய், நடக்கமுடியாத மகளை முதல்தடவையாகத் தேருக்குக் கூட்டி வந்தார். அவர்களைப் பார்த்து இன்னும் நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தன. இப்போது தேநீர்க்கடை போதாமல் நகரசபை மண்டபத்தில் கூட்டம் நடக்கிறது. போன தடவை எனக்கே கதிரை கிடைக்கவில்லை. இந்தச் சங்கத்தை வளர்த்ததே நான்தான் என்று அங்கே சொன்னேன். "நீரில்லை, முசியே. உம்முடைய தேங்காய்" என்றார் அந்த அம்மா. மண்டபமே சிரித்தது.

என் கடைவாசல் படியை இடித்துச் சாய்தளம் போட்டுவிட்டேன். இந்தத் தெருவில் முதல் சாய்தளம் என்னுடையதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். தேரன்று என் கழுத்திலும் ஒரு சிவப்பு விசில் தொங்குகிறது. தனியாளாக மேலே வந்தவன் என்று இன்றைக்கும் மார்தட்டுவேன், அது பொய்யில்லை. ஆனால் அன்று இந்தத் தெருவிலேயே பெரிய குரல் என்னுடையதாக இருந்தும், பக்கத்தில் நின்றவருக்குக்கூட அது கேட்கவில்லை என்பது ஒவ்வொரு முறை அந்த விசிலை மாட்டும்போதும் என் நினைவுக்கு வருகிறது.