சென்ட்ரிங் பலகையில் அடித்த அலமாரி

கல்பாக்கத்தைச் சுற்றி எத்தனையோ வீடுகளின் தளம் ஏசுபாதம் கொடுத்த முட்டில் நின்று இறுகியதுதான். படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் பாதியில். பதினொரு வயதில் ஜல்லி சுமந்தவர் முப்பதில் தளத்துக்குப் பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் வேலையைச் சொந்தமாக எடுத்தார், ஐம்பதில் மாடி வீடு கட்டினார். "எவன் கையையும் புடிச்சிகினு மேல வரல" என்று எதிரில் வருகிறவனிடமெல்லாம் சொல்வார். படிக்க ஏதாவது நீட்டினால் மட்டும், "கண்ணாடிய வூட்ல வச்சிட்டேன்" என்பார்.

ஊர்த் தொடக்கப்பள்ளிக்குப் புத்தக அலமாரி கேட்டார்கள். கடையில் வாங்கிக் கொடுப்பதா? முதல் வேலையில் போட்ட பழைய பலகைகளை இழைத்துத் தன் கையாலேயே ஒன்று அடித்துக் கொடுத்தார். அதன் பிறகு அந்தப் பள்ளியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

பேத்தி ஜெனிஃபர் அங்கே இரண்டாம் வகுப்பு. பிரிசில்லா டீச்சர் காலையில் எழுத்தும் ஒலியும் சொல்லித் தருவார். மதியம் அரை மணி நேரம் அலமாரியைத் திறந்துவிட்டால், பிள்ளைகள் குப்புறப் படுத்துக் கதைப் புத்தகம் பார்க்கும். ஜெனிஃபர் தினமும் ஒன்றை எடுத்துவந்து தாத்தாவுக்குப் படிப்பாள். வீடு தேடி அலையும் நண்டின் கதையை அவர் எத்தனை முறை கேட்டாரோ. அறுபத்தெட்டு வருஷத்தில் அவருக்கென்று யாரும் எதையும் படித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை ஒன்றைப் பற்றிப் பேச அணுபுரத்திலிருந்து இன்ஜினீயர் ஹரிசங்கர் வந்திருந்தார். "எம் பேத்தி படிக்கிறத கேளு சார்" என்று ஏசுபாதம் அவளை முன்னால் நிறுத்தினார். நண்டு அழுத இடம் வந்ததும் ஹரிசங்கர் புத்தகத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்படி எதுவும் இதுல இல்லையே பாப்பா. படத்தைப் பார்த்துச் சொல்றியா?"

அவர் போனதும் ஏசுபாதம் கேட்டார்: "இத்தினி நாளா என்னிய ஏமாத்திகினு இருந்தியா?"

மறுநாள் காலையில் பள்ளியில் நின்றார். "எழுத்தே பாதி தெரியல, அதுக்குள்ள கதை இன்னா டீச்சரம்மா?"

"எழுத்து தினமும் நடக்குதுங்கய்யா. மீதியும் வந்துடும். கதை மேல ஆசை இருந்தாத்தான் எழுத்தைத் தேடி வருவாங்க. ரெண்டும் கூடவே போகணும்."

"தளம் இறுகாம நான் முட்டு பிரிச்சதில்ல. மொத்த எழுத்தும் வரட்டும், அப்பால தொறக்கலாம்."

அலமாரியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

ஆடியில் பூட்டியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிச் சுவர் ஊறிப்போய்க் கிடந்தது. உள்ளே காலையும் மாலையும் எழுத்து, எழுத்து, எழுத்து. சாயங்காலங்களில் ஜெனிஃபர் பையை மூலையில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"படிக்க ஒண்ணும் இல்லியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

"நீதான பூட்டி வச்சிகீற."

பொங்கல் கழிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா எழுத்தும் வந்துவிட்டதாக டீச்சர் சொன்னார். ஏசுபாதம் சலவை வேட்டி கட்டிப் போய், பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பூட்டைத் திறந்தார்.

உள்ளே மண்தான் இருந்தது. தினமும் திறந்து துடைத்த வரைக்கும் அண்டாத கரையான், அவருடைய பழைய பலகை வழியே ஏறிப் புத்தகங்களைத் தின்றிருந்தது. பிரிசில்லா துடைப்பம் எடுக்கப் போனார்.

ஏசுபாதம் மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவினார். நண்டுப் படம் போட்ட ஒரு பக்கம் முக்கால்வாசி மிச்சமிருந்தது. ஊதித் துடைத்து நீட்டினார்.

"படிம்மா."

ஜெனிஃபர் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அப்பால நண்டு இன்னா பண்ணிச்சி?"

"தெரியல தாத்தா. சரியாத்தான படிச்சேன்?"

"சரியாத்தான் படிச்ச. வூடு கிடைக்காம அழுதுச்சின்னு சொல்லுவியே, அத்த சொல்லு."

அவள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அது இதுல இல்ல தாத்தா."