வெள்ளைக்கு எடுத்த துணி

புடவைத் தலைப்பை இடது கையிலும் ரவிக்கைத் துண்டை வலது கையிலும் பிடித்துக்கொண்டு மெர்சிலின் தன் தையல் கடையை விட்டு இறங்குகிறார். ஆலங்காயத்திலிருந்து ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு, சாலையைக் கடந்து, புளியமர நிழல் விழாத இடமாகப் பார்த்து நிற்கிறார். இரண்டு துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெயிலில் காட்டுகிறார். தைக்கக் கொடுக்க வந்த பெண் கடை வாசலில் நின்றபடி சலித்துக்கொள்கிறாள்.

"உள்ள பாத்தப்ப ஒண்ணாதான இருந்துச்சிக்கா?"

"உள்ள ஒண்ணாதான் இருக்கும். டியூப் லைட்டு ஆளுக்குத் தக்கன பேசும். வெயிலுதான் உள்ளத உள்ளபடி சொல்லும். எடுத்துகினு போயி மாத்திகினு வா."

துணிக்கென்று சொந்தமாக நிறம் எதுவும் கிடையாது என்பது மெர்சிலினின் கட்சி. "வெயில்ல எல்லா கலரும் கலந்து கெடக்குது. துணி அதுல கொஞ்சம் துன்னுது, மீதியத் துப்புது. துப்புனதுதான் நம்ம கண்ணுல வுழுது" என்பார். பத்தாவது படிக்கையில் டீச்சர் ஒரு முக்கோணக் கண்ணாடியை ஜன்னலில் பிடித்துக் காட்டினாராம். வெள்ளையாக உள்ளே நுழைந்த வெயில் சுவரில் ஏழு நிறமாக விழுந்ததாம். அன்று கற்றதை இந்தக் கடையில்தான் அவர் முழுக்கப் புரிந்துகொண்டார். டியூப் லைட்டில் எல்லா நிறமும் சரிசமமாக இல்லை. வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைத் துணியால் திருப்பித் தர முடியாது. அதனால்தான் விளக்கடியில் அக்கா தங்கை போல் இருக்கும் இரண்டு துணிகள் வெயிலுக்கு வந்ததும் முகம் திருப்பிக்கொள்கின்றன.

காவலூரில் அறுபதை எட்டிக்கொண்டிருக்கும் இந்தத் தையல்காரருக்கு அளவு நாடா கழுத்திலேயே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் நுழைந்த பிறகுதான் அதைக் கழற்றிப் பைக்குள் திணிப்பார். ரோஸ் என்று பொதுவாகச் சொன்னால் பிடிக்காது. வெங்காயச் சருகா, கனகாம்பரமா, தாமரையா என்று கேட்பார். உடம்பு பெருத்துவிட்ட பெண்ணிடம் அதைச் சொல்லமாட்டார். "உள்ள துணி வுட்டிருக்கேன், வேணும்னா பிரிச்சிக்க" என்று மட்டும் சொல்வார். ஆனால் நிற விஷயத்தில் தயவு கிடையாது. சேராத துணியைத் தைக்கவே மாட்டார். "இத்த தெச்சா எம்பேரு கெட்டுப்பூடும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சாமை அறுப்பை விட்டுவிட்டு மலைக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்களைக்கூட அப்படி அனுப்பியிருக்கிறார்.

அவருக்கே நிறம் தப்பத் தொடங்கியதை முதலில் கண்டது மருமகள் ஹெப்சி. பக்கத்து மிஷினில் தைப்பவள். நீலத் துணிக்குப் பச்சை நூலைக் கோத்துவிட்டு மாமியார் மிதித்துக்கொண்டிருந்தார். ஹெப்சி மெதுவாகச் சொன்னாள். "எனக்கே கலர் சொல்லித் தர்றியா?" என்று மாமியாரிடமிருந்து ஒரு வார்த்தைதான் வந்தது. அதன்பின் ஹெப்சி வாயைத் திறக்கவில்லை. மாமியார் அசந்த நேரத்தில் நூல்கண்டை மட்டும் மாற்றி வைப்பாள். துணியை மாற்ற அவளால் முடியாது. மெர்சிலின் வழக்கம்போல சாலையைக் கடந்து வெயிலில் பார்த்துத்தான் துணி எடுத்தார். வெயிலில் ஒரு குறையும் இல்லை. மறைப்பு அவர் கண்ணுக்குள் இருந்தது.

அந்த நாட்களில்தான் கிருபாவதியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆலங்காயத்தில் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே வருஷம் மலையேறி இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் இருவரும். வயிற்றில் கட்டி. இனி மருந்து வேலை செய்யாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கிருபாவதி கல்யாணப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆளனுப்பினார். வெள்ளைப் பட்டு.

"இத்தக் கட்டித்தான்டி என்னை அனுப்பணும். பழைய ரவிக்கை தொளதொளன்னு இருக்குது. நீதான் ஒண்ணு தெச்சிக் குடுக்கணும்."

"இன்னா பேச்சுடி இது?"

"அளவெடு மெர்சி. பொறவு பேசலாம்."

மெர்சிலின் அளவெடுத்தார். கையைச் சுற்றிய நாடா பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அளவைக் காட்டியது. எந்த எண்ணையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைக்கு வந்து வெள்ளைத் துணிகளை எல்லாம் இறக்கினார். ஒவ்வொன்றாக வெயிலுக்கு எடுத்துப் போனார். கடைசியில் ஒன்று பிடித்தது. புடவையோடு அப்படியே ஒன்றிப் போவதாகத் தோன்றியது. ஹெப்சி எழுந்து வந்து, "அத்தே, இது வந்து..." என்று ஆரம்பித்தாள். "சும்மா இரு. இதுல நீ கை வெக்காத" என்றார். கொக்கி மாட்டக் காஜா எடுப்பது எப்போதும் மருமகள் வேலைதான். அதையும் அன்று தானே எடுத்தார்.

ஹெப்சியோடு போய் ரவிக்கையை விரித்துக் காட்டியபோது கிருபாவதி அதையே வெகுநேரம் பார்த்தார். தையலைத் தடவினார்.

"நல்லாருக்குடி. இத்தயே போட்டு அனுப்புங்க."

அப்படியே அனுப்பினார்கள். பெட்டியைச் சர்ச் வாசலில் இறக்கி வைத்து, போதகர் ஜெபித்தபோது, குனிந்து முகம் பார்த்த பெண்கள் ஒரு கணம் மெர்சிலினையும் நிமிர்ந்து பார்த்தார்கள். தோழியை இழந்தவளைப் பார்க்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஊசியில் நூல் கோக்கவே முடியாமல் போனது. திருப்பத்தூரில் வேலை பார்க்கும் மகன் வந்து கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். இளம்வயது டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

"கண்ணுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு லென்ஸ் இருக்குதும்மா. வயசானா அது மஞ்சளாகும். அப்புறம் டீத்தண்ணி மாதிரி ஆயிடும். நீல வெளிச்சத்த உள்ள விடாது. கொஞ்சம் கொஞ்சமா ஆவறதால நமக்கே தெரியாது. மஞ்சளையே வெள்ளைன்னு மனசு பழகிக்கும்."

ஒரு கண்ணில் அறுவை முடிந்து, கட்டுப் பிரித்து ஊர் திரும்புகையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வளைவில் மலை விலகி வானம் வந்தது. மெர்சிலின் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அறுவை செய்த கண்ணை மூடிப் பார்த்தார். வானம் சாயம் போன துணியாக வெளிறிக் கிடந்தது. அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினார். இத்தனை நீலம் இந்த ஊரில் இருந்ததா?

கடை திறந்ததும் அலமாரியை ஒழுங்கு செய்ய உட்கார்ந்தார். வெள்ளைத் துணிகளின் நடுவில் ஒரு மடிப்பு மட்டும் தனியாகத் தெரிந்தது. உருவி எடுத்தார். இளம் ஆகாய நீலம். ஒரு ஓரம் வெட்டியிருந்தது. வெட்டு அவர் கைவெட்டு.

"ஹெப்சி, இது எதுக்கு வெட்டுன துணி?"

ஹெப்சி மிஷினை நிறுத்தினாள்.

"கிருபாவுக்கா?"

"ஆமாங்கத்தே."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீங்க தண்ணி குடிக்க உள்ள போனப்ப என் கையப் புடிச்சிகினாங்க. 'ஆகாசக் கலர்ல தெச்சிகினு வந்துருக்காடி உங்கத்தை. சொல்லிடாத'ன்னாங்க. வேற தெச்சித் தர்றேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாங்க."

மெர்சிலின் எழுந்து நேராகக் கிருபாவதி வீட்டுக்குப் போனார். கிருபாவதியின் கணவர் ஆபேல் வாசலில் புளியங்கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, நீயாவது சொல்லக் கூடாதா? மறுபடி தெச்சிருப்பேனே?"

ஆபேல் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். "நானும் அத்தத்தான் சொன்னேன் தங்கச்சி. அவ கேக்கல. மாத்தச் சொன்னா உனக்குக் கண்ணு போச்சின்னு தெரிஞ்சிடுமாம். 'நான் போறேன்னே அவ அழுதுகினு கெடக்கறா, இதுக்கு வேற அழணுமா'ன்னா. ஊர்லயும் சொல்லி வெச்சா. யாரும் உன்னாண்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு."

பெட்டியருகே நின்ற பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர்களில் எத்தனை பேர் அவர் தைத்த சேராத ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள்? துணி சேரவில்லை என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் தப்பாகக் கொடுத்ததை ஒருத்தியும் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆபேல் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். ஆபேல் தடுக்கவில்லை.

மறுநாள் அந்த நீலத் துணியை விரித்தார். மிச்சம் ஒரு ரவிக்கைக்குப் போதுமானதாக இருந்தது. தன் அளவுக்கே வெட்டினார். ஹெப்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை காஜா எடுக்க மருமகளிடமே கொடுத்தார்.

ஞாயிறன்று அதைப் போட்டுக்கொண்டு, தன் கல்யாணத்து வெள்ளைப் பட்டைக் கட்டினார். தோளை மூடி முந்தானையைப் போர்த்திக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். முதல் பாட்டு தொடங்கவிருந்த நேரம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பாடகர் குழுப் பெண் ஒருத்தி ரவிக்கையின் கை விளிம்பைக் கண்டுவிட்டாள். அக்கறையோடு காதருகில் வந்து சொன்னாள்.

"அக்கா, ரவிக்கை மேட்சா இல்லியே... கவனிக்கலியா?"

மெர்சிலின் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு போர்த்தியிருந்த முந்தானையைத் தோளிலிருந்து எடுத்து, ரவிக்கையின் இரண்டு கைகளும் நன்றாகத் தெரியும்படி இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்கள் பக்கத்து வரிசைகளை எல்லாம் மெல்லக் கடந்து முன்வரிசைக்கு நடந்தார்.