திறக்கவா?

கண்ணாடிக்கடை அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்பாவின் கடையைப் பங்கு பிரித்ததிலிருந்து, அடுத்த தெருவில் கடை வைத்திருக்கும் தம்பியோடு பேச்சே இல்லை. ஆனால் வாடிக்கையாளர்களின் கண் பவர் விவரம் எல்லாம் ஒரே டேட்டாபேஸ் ஃபைலாக, இரண்டு கடைக்கும் பொதுவாக இணையத்தில், கிளவுடில் இருந்தது.

ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் அதைத் திறந்து எழுதிவிட்டார்கள். எதை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கிளவுட் இரண்டு பிரதிகளாக வைத்துக்கொண்டது. ஒரு வாத்தியாரின் புதுப் பவர் தம்பியின் பிரதியில் இருந்தது. அக்கா தன் பிரதியைப் பார்த்துக் கண்ணாடி செய்து கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்ட வாத்தியார் கடைக் கதவிலேயே முட்டிக்கொண்டார்.

கம்ப்யூட்டர்காரர் வந்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கினார். "இனிமே ஒருத்தர் மூடின பிறகுதான் இன்னொருத்தர் திறக்கணும். ஃபோன்ல கேட்டுக்கோங்க."

"அவன்கிட்டயா?" அக்கா பல்லைக் கடித்தாள்.

முதலில் "திறக்கவா?", "திற" என்பதோடு சரி. பிறகு அவன் மகளின் காய்ச்சல் பேச்சில் வந்தது, இவள் முழங்கால் வலி வந்தது, வாத்தியார் முட்டிக்கொண்ட கதை வந்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

போன வாரம் கம்ப்யூட்டர்காரர் மறுபடி வந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாவே திறக்குற மாதிரி மாத்திடலாம் மேடம். ஃபோனே வேண்டாம்."

"கீபோர்டுலேருந்து கையை எடுங்க!" என்று சீறினாள். அவர் மிரண்டதும் குரல் இறங்கியது. "நீங்க செஞ்ச உதவியே இந்த ஜென்மத்துக்குப் போதும்."

அப்போது ஃபோன் அடித்தது.

"திறந்துக்கோடா" என்றாள், எடுத்ததுமே.

"அதுக்குக் கூப்பிடலக்கா" என்றான் தம்பி. "சும்மாதான்."